மான் வேட்டைக்கு வீட்டிலேயே தயாராகும் தோட்டா: ஈயமா, தாமிரமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15 என்றால் கிட்டத்தட்ட பண்டிகை நாள் மாதிரி. துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் அன்றுதான் தொடங்குகிறது. பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுவிடுவார்கள். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினிலும் அதே மாதத்தில் 9 நாள் சீசன் உண்டு. பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் காட்டுக்குப் போகிறார்கள்.

இவர்களில் ஒரு பகுதியினர் கடையில் தோட்டா வாங்குவதில்லை. சீசனுக்குப் பல மாதங்கள் முன்பே வீட்டு கராஜிலோ அடித்தள அறையிலோ மேசை போட்டு, தங்கள் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். இதற்கு ‘ஹேண்ட்லோடிங்’ என்று பெயர். நூறாண்டுக்கு மேலாக இருக்கும் பழக்கம் இது. இந்த மேசையில் நீண்ட காலமாகப் பேசப்பட்ட விஷயம் துல்லியம். இப்போது அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது: குண்டு எந்த உலோகத்தில் இருக்க வேண்டும்?

அது வேட்டைக்காரர்களின் சொந்த விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்த இறைச்சியைச் சாப்பிடும் குழந்தைக்கும், மிச்சத்தைத் தின்னும் கழுகுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

மான் வேட்டைக்கு ஏன் அனுமதி?

1900 வாக்கில் அமெரிக்காவில் வெண்வால் மான்கள் சில லட்சம்தான் மிஞ்சியிருந்தன. கட்டுப்பாடில்லாத வேட்டையும் இறைச்சி வியாபாரமும்தான் காரணம். பிறகு வந்த சட்டங்களால் எண்ணிக்கை மீண்டது. இப்போது சுமார் 3 கோடி இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஓநாய் போன்ற இரைகொல்லிகள் பல மாநிலங்களில் இல்லாமல் போனதால், பயிர்ச்சேதம், சாலை விபத்து, காட்டில் இளங்கன்றுகள் அழிவது என்று வேறு பிரச்சினைகள் வந்துவிட்டன. அதனால் ஒவ்வொரு மாநிலமும் சீசனையும் எண்ணிக்கை வரம்பையும் முடிவுசெய்து, உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அனுமதி தருகிறது. துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கப்படும் 11 சதவீத வரி, 1937-ல் வந்த ஒரு சட்டத்தின்படி வன உயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது.

ஒரு கொசுறுத் தகவல்: நம்மூர் புள்ளிமானும் அங்கே வேட்டை விலங்குதான். 1930-களில் டெக்சாஸுக்குக் கொண்டுபோகப்பட்ட புள்ளிமான்கள் பெருகி, இன்று அங்கே தாராளமாகத் திரிகின்றன. ஹவாய் தீவுகளிலும் இதே கதை.

ஒரு தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முழு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளை உறை. அதன் அடியில் பொட்டு மாதிரி இருக்கும் பிரைமர். உள்ளே புகையற்ற வெடிமருந்து, அதாவது பவுடர். முனையில் பொருத்தியிருப்பது குண்டு. துப்பாக்கியிலிருந்து பறந்து போவது இந்தக் குண்டு மட்டும்தான். உறை நம்மிடமே தங்கிவிடும்.

ஹேண்ட்லோடிங்கின் அடிப்படையே இதில்தான் இருக்கிறது. நான்கில் பொதுவாக விலை அதிகமான பாகம் பித்தளை உறை. அதைப் பல முறை பயன்படுத்தலாம். சுட்டபின் விரிந்துபோன உறையைச் சுத்தம் செய்து, கைப்பிடியுள்ள அழுத்தக் கருவியில் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். நீண்டிருந்தால் வெட்டிச் சரிசெய்வார்கள். புது பிரைமர், தராசில் நிறுத்த பவுடர், கடைசியில் புதுக் குண்டு. அவ்வளவுதான்.

எடையைக் ‘கிரெய்ன்’ என்ற பழைய அளவில் சொல்வார்கள். ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெய்ன். பவுடரை ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து நிறுப்பார்கள். தங்க நகைக் கடைத் தராசு ஞாபகம் வருகிறதா? கிட்டத்தட்ட அதே கவனம்.

காசு மிச்சம் மட்டும்தான் காரணமா?

இல்லை. கருவிகளுக்கே கணிசமாகச் செலவாகும். வருடத்துக்கு 20 தோட்டா சுடுகிறவருக்கு அது லாபமில்லை. முக்கியமான காரணங்கள் வேறு. தாத்தா காலத்துத் துப்பாக்கிக்குத் தோட்டா கடையில் கிடைக்காமல் போகலாம். 2020, 2021-ல் கொரோனா காலத் தட்டுப்பாட்டில் புதுத் துப்பாக்கிக்கே கிடைக்கவில்லை. பிரைமருக்கும் அப்போது பஞ்சம் வந்ததால் ஹேண்ட்லோடர்களும் தப்பவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு காரணம், பொருத்தம். ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரே மாடல் துப்பாக்கி இரண்டுகூட ஒரே மாதிரி சுடுவதில்லை. எந்தக் குண்டு, எந்த பவுடர், எவ்வளவு ஆழத்தில் குண்டைப் பொருத்துவது என்று மாற்றி மாற்றிப் பார்த்து, தன் துப்பாக்கிக்கு ஏற்ற கலவையைக் கண்டுபிடிப்பதை ‘லோடு டெவலப்மென்ட்’ என்கிறார்கள்.

விளையாட்டல்ல

பிரபலமான ‘தேர்ட்டி ஆட் சிக்ஸ்’ தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது, இன்றும் மான் வேட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 60,000 பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது 33 பிஎஸ்ஐ அளவு. அதாவது சுமார் 1,800 மடங்கு. இது நடப்பது சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குல தூரத்தில்.

அதனால்தான் பவுடர், குண்டு தயாரிக்கும் நிறுவனங்கள் ஆய்வகத்தில் அழுத்தத்தை அளந்து கையேடு வெளியிடுகின்றன. தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டும் அதில் இருக்கும். கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகத்தான் ஏற வேண்டும். உறையின் அடியில் தேய்மானத் தடம், போல்ட் திறக்க இறுக்கம் போன்ற அறிகுறி தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பவுடர் டப்பா மாறிப்போனால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான் இருக்க வேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்ததுதான்.

இந்தியாவில் செய்யலாமா?

கூடாது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையும் குற்றம். இந்தக் கட்டுரை பேசுவது அது சட்டப்படி நடக்கும் நாடுகளைப் பற்றி.

அரை அங்குலத் துல்லியத்தால் என்ன பயன்?

ஹேண்ட்லோடர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் இதுதான். 100 கஜத்தில் மூன்று குண்டு சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பார்ப்பார்கள். ஒரு அங்குலத்துக்குள் விழுந்தால் சந்தோஷம். அரை அங்குலம் என்றால் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, மூன்று குண்டு என்பது மிகச் சிறிய மாதிரி. மூன்று பேரிடம் கேட்டுவிட்டு ஆப் டிசைனை மாற்றுவது போலத்தான். அதே தோட்டாவை அதே ஆள் மறுபடி சுட்டால் இடைவெளி இரட்டிப்பாகலாம். ‘இந்த பவுடர் அளவுதான் ராசி’ என்று நம்புவது பல நேரம் தற்செயலைப் பார்த்து ஏமாறுவதுதான். 10, 20 குண்டு சுட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

இரண்டு, வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம். அதாவது 20 செ.மீ. 100, 150 கஜத்தில் சுடும் வேட்டையில் அரை அங்குலமா ஒரு அங்குலமா என்பது மானுக்கு எந்த வித்தியாசத்தையும் தராது. சாதாரண நவீன துப்பாக்கியும் கடைத் தோட்டாவுமே போதுமானது.

அப்படியானால் எது முக்கியம்? குண்டு மானைத் தொட்ட பிறகு என்ன செய்கிறது என்பது. மான் துடிக்காமல் சில நொடிகளில் சாக வேண்டும் என்பதுதான் வேட்டையின் முதல் தர்மம். குண்டு விரியாமல் ஊசி போல் துளைத்துப் போனால் மான் காயத்தோடு வெகுதூரம் ஓடிவிடும். தோலுக்கடியிலேயே சிதறிவிட்டாலும் அதே கொடுமைதான்.

1946-ல் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போன ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கருக்கு இந்த இரண்டாவது அனுபவம் நேர்ந்தது. அவர் சுட்ட குண்டுகள் அந்தப் பெரிய விலங்குக்குள் ஆழமாகப் போகவில்லை. ஊர் திரும்பியவர், நடுவில் தாமிரத் தடுப்புச் சுவர் வைத்த குண்டு ஒன்றை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948-ல் விற்பனைக்கு வந்த அந்த ‘பார்ட்டிஷன்’ குண்டு இன்றும் கிடைக்கிறது.

ஈயம் எங்கே போகிறது?

வழக்கமான மான் வேட்டைக் குண்டு என்பது தாமிர மேலுறைக்குள் ஈயம். ஈயம் மலிவு, கனம் அதிகம், மென்மை. பட்டதும் காளான் போல் விரியும். வேலையைக் கச்சிதமாக முடிக்கும். ஆனால் விரியும்போது துகள் துகளாகச் சிதறவும் செய்யும். பல துகள்கள் கண்ணுக்கே தெரியாது.

எவ்வளவு சிதறும்? 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஈயக் குண்டால் வேட்டையாடப்பட்ட 30 மான்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். குடலை அகற்றிய பிறகும் ஒரு மானின் உடலில் சராசரியாக 136 உலோகத் துகள்கள் இருந்தன. அந்த மான்களை வழக்கம்போல் கடையில் கொடுத்து வெட்டி வாங்கினார்கள். கொத்திறைச்சிப் பொட்டலங்களில் 32 சதவீதத்தில் துகள்கள். அதைப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. அதாவது, துகள் அப்படியே வெளியே போய்விடும் என்ற நம்பிக்கை பொய்த்தது.

அதற்கு முந்தைய வருடமே வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு பரபரப்பு. ஏழைகளுக்காக வேட்டைக்காரர்கள் நன்கொடையாகத் தந்த மான் இறைச்சிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் சிடி ஸ்கேனில் வைத்துப் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்டவற்றில் உலோகம். அந்த இறைச்சியைக் கொடுக்க வேண்டாம் என்று உணவு மையங்களுக்கு அரசு சொல்லிவிட்டது. பிறகு அங்கே 738 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். வேட்டை இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு ஈயம் சற்றே அதிகம். ஆனால் யாருக்கும் அன்றைய எச்சரிக்கை அளவான 10 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை.

இந்த முடிவை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்கின்றன. ‘பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை’ என்கிறது ஒரு தரப்பு. ஆனால் குழந்தைகளுக்கு இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல எந்த எல்லையும் கிடையாது என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. குழந்தைகளுக்கான அமெரிக்கக் குறிப்பு அளவு 2021-ல் 3.5 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது. எப்போதாவது சாப்பிடும் பெரியவருக்கு ஆபத்து குறைவு. வருடம் முழுக்க ஃப்ரீசரில் மான் இறைச்சி வைத்துச் சமைக்கும் வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் கதை வேறு.

கழுகு கற்றுக்கொடுத்த பாடம்

வேட்டைக்காரர்கள் மானின் குடல் பகுதியைக் காட்டிலேயே அகற்றிப் போட்டுவிட்டு வருவது வழக்கம். அது கழுகுக்கும் காக்கைக்கும் விருந்து. அந்த விருந்தில் ஈயத் துகள் இருந்தால்?

இறக்கை விரித்தால் சுமார் 3 மீட்டர் வரும் கலிபோர்னியா காண்டர், பிணம் தின்னும் பறவை. 1982-ல் உலகிலேயே 22 மட்டும்தான் மிஞ்சின. 1987-ல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 1992 முதல் மறுபடி காட்டில் விட்டார்கள். இப்போது 500-க்கு மேல். ஆனால் காட்டில் விட்ட பறவைகள் இறக்கும்போது, காரணம் தெரிந்த மரணங்களில் முதலிடம் ஈய நஞ்சுக்குத்தான். கழுகின் வயிற்று அமிலம் கடுமையானது. சிறு துகளையும் கரைத்து ரத்தத்தில் ஏற்றிவிடும்.

2022-ல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைப் பரிசோதித்தார்கள். அந்நாட்டின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இரண்டிலும் ஏறத்தாழ பாதிப் பறவைகளுக்கு நீண்டகால ஈயப் பாதிப்பு. பாதிப்பு கூடுவது வேட்டை சீசனை ஒட்டிய குளிர்காலத்தில்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதுக்கதை அல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. முதுமலை, மோயாறு பக்கம் மிஞ்சியிருக்கும் பறவைகளுக்காக இன்றும் பாடுபடுகிறார்கள். இரண்டிலும் கழுகைக் கொல்ல யாரும் நினைக்கவில்லை. பிணத்துக்குள் என்ன இருந்தது என்பதுதான் பிரச்சினை.

தாமிரத்துக்கு மாறுவது அவ்வளவு சுலபமா?

ஈயமே இல்லாத, முழுக்கத் தாமிரத்தாலான விரியும் குண்டுகள் 1980-களின் இறுதியிலேயே சந்தைக்கு வந்துவிட்டன. முனையில் குழி இருக்கும். பட்டதும் பூ இதழ் போல் நான்காக விரியும். சிதறுவது மிகக் குறைவு. குண்டின் எடை கிட்டத்தட்ட முழுசாக அப்படியே இருக்கும். மானும் அதே வேகத்தில் சாகும்.

ஆனால் இங்கேதான் ஹேண்ட்லோடருக்கு வேலை வருகிறது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.3 கிராம், தாமிரத்துக்கு 9 கிராம் அளவு. அதே எடை வேண்டுமென்றால் தாமிரக் குண்டு நீளமாக இருந்தாக வேண்டும். நீளமானால் மூன்று பிரச்சினை:

• உறைக்குள் அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால் அழுத்தம் மாறும். ஈயக் குண்டுக்கான பவுடர் கணக்கை அதே எடையுள்ள தாமிரக் குண்டுக்கு அப்படியே போடக் கூடாது. அந்தக் குண்டுக்கே உரிய கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

• நீளமான குண்டு பறக்கும்போது தள்ளாடாமல் இருக்க வேகமாகச் சுழல வேண்டும். குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளம் அதற்கேற்ப நெருக்கமாக இருக்க வேண்டும். பல பழைய துப்பாக்கிகளில் அப்படி இருக்காது.

• தாமிரம் கடினம். நன்றாக விரிய, படும்போது வேகம் கூடுதலாக வேண்டும். வெகுதூரத்தில் வேகம் குறைந்துவிட்டால் சரியாக விரியாது.

இதற்குப் பலரும் சொல்லும் வழி, எடை குறைந்த தாமிரக் குண்டுக்கு மாறுவது. 150 கிரெய்ன் ஈயக் குண்டு சுட்டவர் 130 கிரெய்ன் தாமிரத்தை எடுப்பார். நீளமும் கூடாது, வேகமும் கிடைக்கும். தன் துப்பாக்கிக்கு எது ஒத்துவரும் என்று மேசையிலேயே சோதித்துப் பார்க்க ஹேண்ட்லோடரால் முடியும். கடைத் தோட்டாவை நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

சட்டமா, சம்மதமா?

கலிபோர்னியா சட்டத்தைக் கையில் எடுத்தது. காண்டர் வாழும் பகுதிகளில் 2008 முதல் ஈயக் குண்டுக்குத் தடை. 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க வேட்டைக்குத் தடை. பக்கத்து மாநிலமான அரிசோனா, தடை போடாமல் காண்டர் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமற்ற தோட்டாவை இலவசமாகக் கொடுத்துப் பேசிப் பார்த்தது. பெரும்பாலானவர்கள் ஒத்துழைத்தார்கள். டென்மார்க் 2024 ஏப்ரல் 1 முதல் ரைஃபிள் வேட்டையிலும் ஈயத்தைத் தடை செய்து முன்னோடியானது. பறவை வேட்டைக்கான ஈய ரவைகளை அது 1996-லேயே விலக்கிவிட்டது.

எதிர்ப்பும் இருக்கிறது. தாமிரக் குண்டு விலை அதிகம். சில பழைய ரகங்களுக்குக் கிடைப்பதில்லை. ‘துப்பாக்கி உரிமையைக் கொல்லைப்புறமாகப் பறிக்கும் வேலை’ என்ற சந்தேகமும் அமெரிக்காவில் பலமாக உண்டு. இவற்றில் விலையும் கிடைக்காமையும் உண்மையான சிக்கல்கள். ஆனால் ஒரு சீசனில் ஒருவர் மானை நோக்கிச் சுடுவது சில குண்டுகள்தான். பயிற்சிக்கு ஈயம், காட்டுக்குத் தாமிரம் என்று பிரித்துக்கொண்டால் கூடுதல் செலவு சுருங்கிவிடும்.

இன்னமும் ஈயக் குண்டே பயன்படுத்துகிறவர்களுக்குச் சொல்லப்படும் எளிய வழிகள் இவை: காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி ஒதுக்குவது, சிதைந்த சதையைக் கொத்திறைச்சியில் சேர்க்காமல் இருப்பது, குடல் பகுதியைக் கழுகுக்கு எட்டாதபடி புதைப்பது அல்லது எடுத்து வந்துவிடுவது, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அந்த இறைச்சியைக் கொடுக்காமல் இருப்பது. இவை ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. 136 துகள்களைக் கத்தியால் தேடி எடுத்துவிட முடியாது.

கடையில் தோட்டா வாங்குகிறவர் அங்கே இருப்பதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். நான்கு பாகங்களையும் தானே தேர்ந்தெடுக்கும் ஹேண்ட்லோடருக்கு, அந்தக் குண்டின் உலோகமும் அவருடைய முடிவுதான்.